ஊறுகாய்ப் போத்தலில் ஓர் அந்துப்பூச்சி

1

இந்த நாட்டில் வந்திறங்கிய நாளை என் மனைவி பரமேஸ்வரி ஆண்டுதோறும் பாயாசம் காய்ச்சிக் கொண்டாடுகிறாள். நேற்றும் காய்ச்சினாள். எதற்கு இந்தக் கொண்டாட்டம் என்று நானும் ஆண்டுதோறும் கேட்கிறேன்.

"ஏன், பிழைச்சிருக்கிறமெல்லே?" என்றாள்.

எங்கள் மகள் சுகந்தி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, "டூ ஸ்வீட், அம்மா" என்று கிண்ணத்தைத் தள்ளினாள். அவளுக்கு ஒன்பது வயது. மூன்று பேருக்குக் காய்ச்சிய பாயாசத்தை இரண்டு பேர் குடித்து முடித்தோம்.

ஊரில் சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒருவர் கடிதத்துக்குக் கடிதம் "அவுஸ்திரேலிய வாழ்க்கையைப் பற்றி எங்கள் வாசகருக்கு எழுதும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கங்காருவைப் பற்றியும், குளிரைப் பற்றியும், இங்கே பால் வாசலுக்கே போத்தலில் வருவதைப் பற்றியும் எழுதுவேன் என்று காத்திருக்கிறார் போலும். அவற்றை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சுகம், எல்லாம் நலம் என்று எழுதி, புதுக் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தையும் உள்ளே வைத்து அனுப்புவார்கள். நான் ஒரு பூச்சியைப் பற்றி எழுதப்போகிறேன். அரிசிமணி அளவுதான் இருக்கும். அது என் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலை அத்தனை சிறியதல்ல.

2

பூச்சிக்கும் எனக்கும் உள்ள உறவு பழையது. ஊரில் நான் விவசாயத் திணைக்களத்தில் பூச்சியியல் உத்தியோகத்தன். கிளிநொச்சியில் நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் புழுவோடு பல போகங்கள் மல்லுக்கட்டியவன். கமக்காரர்கள் என்னைப் 'பூச்சி ஐயா' என்பார்கள். ஜீப்பிலிருந்து இறங்கினால் குடை பிடிக்க ஒருவர் வருவார். அந்தக் குடையெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு பதவி உயர்வு வேண்டுமென்றால் சிங்களப் பரீட்சை சித்தியடைய வேண்டும் என்றார்கள். எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். வயலில் நின்ற புழு என் சிங்களத்தைக் கேட்டதேயில்லை. ரோசம் வந்தது. இந்த நாடு வெள்ளையரல்லாதவருக்கும் கதவைத் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மனைவி பிள்ளையோடு மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் கதவு வேறு, உள்ளே உட்காருகிற கதிரை வேறு என்று விளங்கியது. என் பட்டத்தை மதிப்பிடும் கந்தோருக்கு ஒரு தரம் போனால், பாடத்திட்டத்தை அத்தாட்சிப்படுத்திக் கொண்டுவா என்றார்கள். கொழும்பிலிருந்து அதை வரவழைப்பதற்குள் ஒரு குளிர்காலமே முடிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கிருந்த இளைஞன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்த மொழியில் படித்தீர்கள்?" என்று கேட்டான். அவனுடைய மொழியில்தான் படித்தேன் என்று அவனுடைய மொழியிலேயே சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னான்.

கடைசியில் ஒரு நூதனசாலையின் பூச்சிப் பகுதியில் உதவியாளன் வேலை கிடைத்தது. ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே விரல்நகத்தில் பாதி அளவான அட்டைத்துண்டு ஒன்று இருக்கும். எங்கே பிடித்தது, எப்போது, யார் பிடித்தது என்று அதில் எழுத வேண்டும். என் எழுத்து பொடியாகவும் துலக்கமாகவும் இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நாங்கள் குடியிருக்கும் கிளேட்டனில் காலை ரயிலேறி, மாலை வரை மற்றவர்கள் பிடித்த பூச்சிக்கு மற்றவர்களின் பெயரை எழுதிவிட்டு, மறுபடி ரயிலேறி வருவேன்.

என் பெயர் கணேசலிங்கம். முதல் நாளே பகுதித் தலைவர் டொக்டர் மார்ஷ் என் கையைக் குலுக்கி, இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "கென் என்று கூப்பிட்டால் குறை நினைக்க மாட்டீர்களே?" என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு வட்டி இன்னும் கட்டுகிறேன்.

3

மெல்பேர்ணுக்குத் தென்மேற்கே கடலோரமாக ஒட்வே என்றொரு மலைத்தொடர். அங்குள்ள பள்ளத்தாக்குகளில் குளிர்நாட்டு மழைக்காடு உண்டு. மழைக்காடு என்றதும் நம் நாட்டுச் சிங்கராஜாக் காட்டை நினைக்க வேண்டாம். இரத்தம் குடிக்கும் அட்டையும் வெக்கையும் இல்லை. மேர்ட்டில் பீச் என்ற சிறிய இலை மரங்கள் தலைக்கு மேலே மூடி நிற்கும். அடியில் பாசி, பூவே இல்லாத ஆளுயரப் பன்னச்செடி, உக்கிய மரக்கட்டை. நடுக்கோடையிலும் கைவிரல் விறைக்கும்.

இந்தக் காட்டில் ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. சிறகில் செம்பும் ஊதாவும் கலந்த மினுக்கம். சாதாரண அந்துப்பூச்சிக்குத் தேன் உறிஞ்சும் குழல் இருக்கும். இதற்குத் தாடை. பன்னத்தின் வித்துத்தூளை மென்று தின்னும். மற்ற இனங்களெல்லாம் குழல் வளர்த்துக்கொண்டு பூவைத் தேடிப் போன காலத்திலும் இது தன் தாடையோடு பாசிக்குள்ளேயே இருந்துவிட்டது. நூதனசாலையில் சிறகு உதிர்ந்த ஒரேயொரு பழைய பூச்சி மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. அதை வைத்துப் புதிய இனம் என்று சொல்ல முடியாது. முழுப்பூச்சி ஒன்று வேண்டும். டொக்டர் மார்ஷ் பல வருடமாக வலையோடு அந்தக் காட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்.

ஒருமுறை பெட்டி தூக்க ஆளில்லை என்று என்னையும் கூட்டிப்போனார். அவர் வலையை வீசிக்கொண்டு நடக்க, நான் குந்தியிருந்து பாசியை உரித்துப் பார்த்தேன். என்னுடைய பழக்கம் அது. வயலில் பறக்கும் பூச்சியைத் துரத்துவதில் பயனில்லை, தண்டைக் கிழித்துப் புழுவைப் பார்க்க வேண்டும். ஈரப்பாசிக்குள் எள்ளுப்போல் சில புழுக்கள் நெளிந்தன. நான் அதுவரை கண்டதோ படித்ததோ இல்லாத புழு. கூப்பிட்டுக் காட்டினேன். தான் தேடும் பூச்சியின் புழு இதுவாகத்தான் இருக்கும் என்று மனிதர் சேற்றில் முழங்காலிட்டுவிட்டார்.

திரும்பி வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "கென், இதை வளர்த்து முழுப்பூச்சியாக என் கையில் தாருங்கள். கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும்."

நூதனசாலையில் ஆய்வு உத்தியோகத்தர் பதவி ஒன்று அந்த வருடம் வெற்றிடமாகவிருந்தது. பட்டத்தை மதிப்பிடுகிற கந்தோர் என்ன சொன்னாலும், அச்சில் ஒரு கட்டுரை இருந்தால் அந்தக் கதிரைக்கு விண்ணப்பிக்கலாம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கணேசலிங்கம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் எத்தனை எழுத்து, ஒரு வரிக்குள் அடங்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

4

புழுக்களுக்குக் குளிர் வேண்டும், ஈரம் வேண்டும், அசையாத காற்று வேண்டும். நூதனசாலையில் நாள் முழுவதும் ஹீட்டர். அதனால் புழுப்பெட்டிகள் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தன. கிளேட்டனில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று உண்டு. தெற்குப் பக்கம், வெயில் எட்டிப் பார்க்காத அறை. குளிர்காலத்தில் அங்கே துவாயை விரித்துப் போட்டால் மடிக்க முடியாத அளவுக்கு விறைத்துப் போகும். இந்த வீட்டில் குடியேறிய நாள் முதல் அந்த அறையைத் திட்டிய பரமேஸ்வரிக்கு, அது புழுவுக்குப் பொருந்திப் போனதில் பெரிய வியப்பு.

"மனிசருக்கு ஆகாத இடம் புழுவுக்கு ஆகுது பாருங்கோ" என்றாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் கொதித்தாறிய தண்ணீரைத் தெளிப்பேன். மாலையில் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் நேரே அங்கேதான். டொக்டர் மார்ஷ் தினமும் விசாரிப்பார். "கவனம், கென். அவை மிகவும் செல்லம் கொண்டாடுகிறவை. இடம் மாற்றினால் செத்துவிடும்" என்பார். இடம் மாறியவனிடம் இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர்மேல் பிழையில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

சுகந்தி சில நாட்களில் எனக்குப் பின்னால் வந்து நிற்பாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சூசி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

"சுகந்தி எண்டு சொல்லச் சொல்லு பிள்ளை" என்றேன்.

"தே கான்ட், அப்பா. இட்ஸ் ஓகே."

கென்னின் மகள் சூசியாக இருக்காமல் வேறு என்னவாக இருப்பாள்?

5

ஓகஸ்டில் புழுக்கள் தின்பதை நிறுத்தி, பாசிக்குள் கூடு கட்டத் தொடங்கின. இனிக் கூட்டுப்புழு, அதன் பிறகு சிறகு. டொக்டர் மார்ஷ் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்து, இரண்டு பெயரையும் போட்டு எனக்குக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து பரமேஸ்வரிக்குச் சொன்னேன். இனி எங்களுக்கு நல்ல காலம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவள் தலை தோய்ந்து, விளக்கேற்றி, சாமிப்படத்துக்குச் சாம்பிராணி காட்டுவாள். அன்று மாலை நான் வாசற்படலையைத் திறக்கும்போதே வாசம் மூக்கில் ஏறியது. குசினி தாண்டிப் பின்பக்கம் போனேன். உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவின் அடியில் புகை காசுமீரச் சால்வையின் நூல்போல் மெல்லியதாக வெளியே வந்துகொண்டிருந்தது.

திறந்தேன். அறை முழுவதும் வெள்ளைப் புகை. நடுவே வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டு வைத்து, தணல் நிரப்பி, ஊரிலிருந்து பார்சலில் வந்த சாம்பிராணியைக் கைநிறையப் போட்டிருந்தாள். குளிர்ந்து கிடந்த அறை அடுப்படிபோல் சூடேறியிருந்தது. பெட்டி ஒவ்வொன்றின் மூடியிலும் மூன்று குறியாகத் திருநீறு.

"என்னப்பா செய்தனீர்?" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "நல்ல காலம் வருதெண்டு சொன்னனீங்களெல்லே. கண்ணூறு படாமல் கொஞ்சம் காட்டினனான். புகை போகாமல் கதவைச் சாத்தி வைச்சனான்."

பூச்சி மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் இரு பக்கத்திலும் உள்ள துளைகளால் விடும். அந்தப் புகையும் சூடும் அத்தனை துளையையும் அடைத்திருக்கும். நான் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பாசியைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் முடிந்திருந்தது. கிளிநொச்சியில் பூச்சியைக் கொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். வாளி வாளியாக மருந்து அடித்தும் இவ்வளவு சுத்தமாகக் கொன்றதில்லை.

அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பரமேஸ்வரி சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். "நான் உங்களுக்காகத்தானே கும்பிட்டனான்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். சுகந்தி குசினி வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உள்ளே போ!" என்று அவள் மேலும் பாய்ந்தேன். போய்விட்டாள்.

திங்கட்கிழமை டொக்டர் மார்ஷிடம் சொன்னேன். எப்படிச் செத்தது என்று கேட்டார். இந்தச் சாம்பிராணியை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? ஹீட்டர் பட்டுவிட்டது என்றேன். அவர் கோபப்படவில்லை. என் தோளில் தட்டி, "பரவாயில்லை, கென்" என்றார். தட்டச்சு செய்த பக்கம் மேசையில் இன்னும் சில நாள் கிடந்தது. பிறகு காணவில்லை. பதவிக்கான விண்ணப்ப நாளும் வந்து போனது. இங்கேயே படித்த ஓர் இளைஞன் அந்தக் கதிரைக்கு வந்தான். இனிமையான பொடியன். அவன் பிடிக்கும் பூச்சிக்கும் நான்தான் அட்டை எழுதுகிறேன்.

6

ஒக்டோபரில் ஒரு நாள் டொக்டர் மார்ஷின் அறையிலிருந்து "கென்! கென்!" என்று ஒரே கூச்சல். ஓடினேன். அவர் மேசையைச் சுற்றி நடனமே ஆடினார். மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தல். உள்ளே ஈரப்பாசி. பாசியின்மேல், மினுங்கும் சிறகை மடித்துக்கொண்டு, முழுசாக, உயிரோடு அந்தப் பூச்சி. பக்கத்தில் இன்னொன்று.

"கிளேட்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம்! வகுப்பறை யன்னலில் வைத்து வளர்த்திருக்கிறார்கள்! ஆசிரியை இங்கே தொலைபேசியில் அழைத்தார். நான் நேரே போய் வாங்கி வந்தேன்" என்றார். "ஒரு சின்னப் பெண் கொண்டுவந்தாளாம். சூசி என்று பெயர்."

நான் பூச்சியைப் பார்க்கவில்லை. போத்தலைப் பார்த்தேன். விளிம்பு நசுங்கிய அந்தச் சிவப்பு மூடி எனக்குத் தெரியும். நாங்கள் கப்பலேறும்போது பரமேஸ்வரி தேசிக்காய் ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்த போத்தல் அது.

இங்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவதொரு பொருளைக் கொண்டுபோய் வகுப்புக்கு முன்னால் காட்டிப் பேச வேண்டும். மற்றப் பிள்ளைகள் நாய்க்குட்டி, தபால்தலை, தாத்தாவின் யுத்தப் பதக்கம் என்று கொண்டுபோவார்கள். எங்கள் வீட்டில் காட்டுவதற்கு என்ன இருந்தது? சாம்பிராணி வெள்ளிக்கு முந்திய வாரமே சுகந்தி ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி, பெட்டியொன்றிலிருந்து பாசியோடு கொஞ்சம் புழுவை எடுத்துக் கொண்டுபோயிருக்கிறாள். அந்த வகுப்பறையின் ஹீட்டர் பழுதாம். என்னைப் போலவே கொதித்தாறிய தண்ணீரைத் தெளித்து, தினமும் அவளே பார்த்திருக்கிறாள்.

மாலையில் கேட்டேன். "ஏன் பிள்ளை அப்பாவுக்குச் சொல்லேல்லை?"

அவள் சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள். "அன்றைக்குச் சொல்ல வந்தேன். உள்ளே போ என்றீர்கள்."

7

சூசி என் மகள் என்று டொக்டர் மார்ஷுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பத்திரிகைக்குச் சொல்ல வேண்டிய கதை என்றார். கட்டுரை மறுபடி தட்டச்சாகியது. இந்த முறை பெயர் ஒன்றுதான். அவர் சொன்ன சொல்லை மீறவில்லை. நான் வளர்த்து அவர் கையில் கொடுத்தால்தான் என் பெயர். கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஆசிரியைக்கும் கென்னுக்கும் நன்றி என்று ஒரு வரி இருந்தது. கென் யாரென்று அந்தக் கட்டுரையை வாசிக்கிற எவருக்கும் தெரியப்போவதில்லை.

"பூச்சிக்கு உங்கள் மகளின் பெயரை வைக்கப்போகிறேன்" என்றார். "வளர்த்தவள் அவள்தானே."

பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிடம் கதிரையும் கட்டுரையும் மறந்தே போயின. ஓர் இனத்துக்கு வைத்து அச்சேறிய பெயரை அதற்குப் பிறகு யாரும் விருப்பப்படி மாற்ற முடியாது. அரசாங்கம் மாறலாம், நாடே மாறலாம், பூச்சியின் பெயர் மாறாது. "அவளுடைய பெயர் சூசி அல்ல, சுகந்தி" என்றேன். ஒரு தாளில் எழுதியும் காட்டினேன்.

அவர் தாளை உற்றுப் பார்த்தார். "அழகான பெயர்" என்றார். "அவளையே கேட்போமே. பெயர் அவளுடையது."

பள்ளி விடுமுறை நாளொன்றில் அவளைக் கூட்டிப்போனேன். பரமேஸ்வரி பொட்டு வைத்து, பட்டுப் பாவாடை உடுத்திவிட்டாள். வாசலில் நின்று, "சுகந்தி எண்டு வடிவாச் சொல்லு, என்ன?" என்று சொல்லி அனுப்பினாள். ரயிலில் ஏறியதும் சுகந்தி பொட்டை அழித்தாள். பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தேன்.

டொக்டர் மார்ஷ் குனிந்து அவள் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். "எந்தப் பெயரை வைக்கலாம், பெண்ணே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம், "சூசி, ப்ளீஸ்" என்றாள்.

அவர் மகிழ்ந்து எழுதிக்கொண்டார். நான் அவள் கையைப் பிடித்து வெளியே நடைபாதைக்குக் கூட்டிவந்தேன். "ஏனடி பிள்ளை? உனக்கு அந்தப் பேர் அவ்வளவு வெக்கமே?"

அவள் தமிழில் பதில் சொன்னாள். வெகு நாட்களுக்குப் பிறகு என்னோடு முழுசாகத் தமிழில் பேசியது அன்றுதான்.

"வெக்கம் இல்லை அப்பா. இவைக்கு அதைச் சொல்லத் தெரியாது. பூச்சிக்கு வைச்சா எப்பவும் பிழையாத்தானே சொல்லுவினம். உங்கட பேரை முதல்நாள் சொல்லிச் சிரிச்சவை எண்டு நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. அது வீட்டில இருக்கட்டும்."

இந்த நாட்டில் எதைக் கொடுத்து எதை ஒளித்து வைக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்கும்படி வளர்த்தவன் நான். பெருமையா, எரிச்சலா என்று பிரிக்க முடியாமல் நெஞ்சு கசந்தது. இன்றும் பிரியவில்லை.

நேற்றுப் பாயாசம் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். இந்த இனத்துக்கே அடையாளமாக, மூல மாதிரியாக வைக்கப்போகும் பூச்சிக்கு அட்டை எழுதச் சொல்லி டொக்டர் மார்ஷ் கொண்டுவந்து வைத்திருந்தார். மிக மெல்லிய நிப்பை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். ஒட்வே மழைக்காடு. பாசியிலிருந்து வளர்க்கப்பட்டது. அதன் கீழே, லத்தீன் வாலோடு, நான் என் பிள்ளைக்கு வைக்காத பெயர். எழுத்து நன்றாக வந்திருப்பதாக டொக்டர் மார்ஷ் பாராட்டினார். மையை ஊதிக் காயவைத்து, ஊசியில் குத்தி, பெட்டியை மூடினேன். மாலையில் வீட்டுக்கு வந்து படலையில் நின்றபடியே, அயலெல்லாம் கேட்க, "சுகந்தி!" என்று கூப்பிட்டேன்.

"கமிங், அப்பா" என்றாள்.